மூன்று ஞாயிறு ஓலை

ஜனவரி 17, சனி

நாங்கள் இருக்கிற குருமனையின் தரையடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி மூன்று மாதம் ஆகிவிட்டது என்று என் வீட்டுக்காரி புஷ்பம் தினமும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். இன்று இறங்கிக் கழுவினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏறி வந்து ஈர வேட்டியோடு நிற்கிறேன், வாசலில் சுகிர்தாவும் தீத்துவும். இருவரும் சேர்ந்து நின்றதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

சுகிர்தா நம் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவள். மேலத்தெரு. சபைச் செயலர் மாசிலாமணி சாரின் கடைசி மகள். தீத்து கிழக்குத் தெரு. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். அடைக்கலவிளையில் இரண்டு தெருவும் ஒரே கோயிலில் முழங்கால் போடும், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கும். பெண் எடுப்பதும் கொடுப்பதும் மட்டும் கிடையாது. ஏன் கிடையாது என்று யாரும் சொல்வதும் கிடையாது. நான் இங்கே குருவாக வந்து மூன்று வருடம்தான் ஆகிறது.

"எங்க ரெண்டு பேருக்கும் ஓலை வாசிக்கணும்யா" என்று சுகிர்தா ஒரு தாளை நீட்டினாள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "ஈஸ்டருக்கு அடுத்த வாரம் அப்பா வேற எடத்துல எனக்கு உறுதி பண்ணிட்டாங்க. அதுக்கு முன்னால முடியணும்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிப்ரவரி 18 சாம்பல் புதன். அன்றிலிருந்து லெந்து நாட்கள், ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு இரண்டு பேரின் பெயரையும் சபையில் வாசித்து, தடை உண்டா என்று கேட்க வேண்டும். அதுதான் ஓலை.

"நாளைக்கே முதல் ஓலை வாசிக்கலாம்லாய்யா?" என்றான் தீத்து.

ஞானஸ்நானப் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும், 25-ம் தேதி வாசிக்கிறேன் என்றேன். பதிவேடு என் மேசை மேலேயே இருந்தது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

ஜனவரி 18, ஞாயிறு

இரண்டு ஆராதனை. தொண்டை கட்டிவிட்டது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 20, செவ்வாய்

மாசிலாமணி சார் பனங்கிழங்கோடு வந்தார். அவர் வெறுங்கையோடு வந்ததே இல்லை. போன வருடம் புஷ்பத்துக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்தபோது, தன் காரில் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் ஐந்து நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு இருந்தவர். முப்பத்திரண்டு வருடம் நம் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். இரண்டு தெருப் பிள்ளைகளுக்கும் 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

கிழங்கை உரித்துக்கொண்டே, "ஓலை ஏதும் வந்துருக்கா ஐயரே?" என்றார். கிறிஸ்தவ ஊர்களில் குருமார் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஐயர்தான்.

"வந்துருக்கு சார்."

"பெரிய காரியம் எதுவும் அவசரத்துல செய்யப்படாது. லெந்து முடியட்டும். ஈஸ்டருக்கு அப்புறம் பாத்துக்கிடலாம். நீங்க நிதானமான மனுசன். அதுக்காகவே இந்தச் சபை ஒங்கள விரும்புது."

மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. போகும்போது புஷ்பத்திடம் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று விசாரித்துவிட்டுத்தான் போனார். நிதானம் ஒரு நல்ல குணம்தான். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

ஓலை வாசிக்க மறந்துவிட்டேன்.

வாராவாரம் அறிக்கை நோட்டை எழுதுகிறவர் செயலர். அதில் இருப்பதை நான் வாசிப்பேன். வாலிபர் கூட்டம், பெண்கள் ஐக்கியம், நாளை கொடியேற்றம் எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தது. ஓலை இல்லை. நான்தான் தனியாக எடுத்துப் போயிருக்க வேண்டும். கொடியேற்றத்தை அறிவித்ததும் அப்படியே அடுத்த பாட்டைச் சொல்லிவிட்டேன். ஆர்கன் தொடங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். சுகிர்தா கட்டைகள் மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாசித்தாள்.

வயதாகிறது. மறதி வரத்தான் செய்யும்.

ஜனவரி 26, திங்கள்

அங்கியைத் துவைக்கப் போட்ட புஷ்பம், அதன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து என் காபிக்குப் பக்கத்தில் வைத்தாள். நாலாக மடித்த ஓலை. பையில் வைத்ததை மறந்துவிட்டேன் என்று சொன்னேன்.

"ஆமா, ஆமா" என்றாள். மூன்றாவதாக ஒரு "ஆமா" சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அதற்குள் போய்விட்டாள்.

ஜனவரி 27, செவ்வாய்

நல்ல வழி ஒன்று கிடைத்தது! பேராயர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். தக்க காரணம் இருந்தால் பேராயர் விசேஷ அனுமதி தருவாராம். அது இருந்தால் ஓலை வாசிக்கவே வேண்டாம். நாலு சாட்சிகளோடு, ஒரு வார நாளில், பக்கத்துச் சேகரத்துக் கோயிலில் முடித்துவிடலாம். கல்யாணமும் நடக்கும், ஊரும் அமைதியாக இருக்கும். இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை! சந்தோஷத்தில் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சிகளுக்குக்கூட இன்று மன்னிப்பு வழங்கிவிட்டேன்.

ஜனவரி 28, புதன்

சுகிர்தாவைப் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் குருமனைக்கு வரச் சொல்லியிருந்தேன். அவள் அடுத்த ஊரில் கணக்கு டீச்சர். விசேஷ அனுமதியைப் பற்றிச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"எங்க பெரியக்காவுக்கு ஓலை வாசிக்கும்போது நாந்தான் ஆர்கன்ல இருந்தேன். சின்னக்காவுக்கும் நாந்தான். இந்தப் பத்து வருசத்துல எத்தன பேருக்கு வாசிச்சிருக்காங்க, எல்லாத்தையும் அந்த ஸ்டூல்ல உக்காந்து கேட்டிருக்கேன். என் பேர மட்டும் ஏன்யா வாசிக்க மாட்டீங்க? நாங்க என்ன திருடிட்டா ஓடுதோம்?"

"ஒன் பாதுகாப்புக்காகச் சொல்லுதேன்மா."

"என் பாதுகாப்பா, ஒங்க பாதுகாப்பாய்யா?"

சட்டென்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே கண் கலங்கிவிட்டது. மன்னிச்சிருங்கய்யா என்று எழுந்து போய்விட்டாள். கணக்கு டீச்சர்கள் இப்படித்தான், விடையை நேராகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு மூஞ்சி எரிந்தது. இன்னும் எரிகிறது.

ஜனவரி 29, வியாழன்

புஷ்பம் இன்று அந்தப் பெயரைச் சொன்னாள். பதினோரு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பெயர். தேவஇரக்கம்.

அப்போது நான் குருவாக இருந்த சேகரத்தில் ஆற்று மணல் திருட்டு. கோயில் நிலம் வழியாகத்தான் லாரிகள் போகும். தேவஇரக்கம் என்ற தையல்காரர் லாரி நம்பர்களை எழுதிக்கொண்டுவந்து என்னிடம் தந்தார். அந்த ஞாயிறே பிரசங்க பீடத்தில் நின்று ஆட்களின் பெயரைச் சொல்லிப் பேசினேன். யாரையும் கேட்கவில்லை. யாரோடும் கலந்து யோசிக்கவில்லை. தேவஇரக்கத்தையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆராதனை முடிந்து எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மூன்றாம் நாள் அவருடைய வலது கையை அடித்து நொறுக்கிவிட்டார்கள். அந்த மாதமே பேராயர் அலுவலகம் என்னை வேறு ஊருக்கு மாற்றிப் பத்திரமாக வைத்துக்கொண்டது. நான் தைரியசாலி என்று பேர் எடுத்தேன், அவர் அதன் பிறகு ஊசி பிடிக்கவில்லை.

நான் இப்போதும் போடுகிற அங்கி அவர் தைத்தது. பையை ஆழமாக வைத்துத் தைத்திருப்பார்.

"அதுக்குத்தான் இப்ப பயப்படுதீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள் புஷ்பம். "ஆனா அன்னைக்கு நீங்க அவரக் கேக்காம பேசினீங்க. இன்னைக்கு அந்தப் புள்ளயக் கேக்காம சும்மா இருக்கீங்க. ரெண்டுலயும் நீங்க நல்லாத்தான் இருக்கீங்க."

முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் இவளிடம் நான் வாதத்தில் ஜெயித்ததில்லை. இன்று முயற்சி செய்யக்கூட இல்லை.

ஜனவரி 30, வெள்ளி

கிழக்குத் தெருவுக்குப் போனேன். தீத்துவின் அம்மா நாற்காலியைத் துடைத்துத் துடைத்துப் போட்டாள். சுகிர்தாவையும் வரச் சொல்லியிருந்தேன். இந்த முறை நான் பேசாமல், கேட்டேன். ஓலை வாசித்தால் யாருக்கு என்ன வரும், எங்கிருந்து வரும், தாங்க முடியுமா?

தீத்து யோசித்து யோசித்துச் சொன்னான். கடை ஷட்டரை உடைக்கலாம். அவன் ராத்திரி வேலைக்கு வெளியூர் போவதை நிறுத்திக்கொள்கிறான். சுகிர்தாவின் சித்தப்பா வீட்டார் கொஞ்சம் முரடு. அவளை வீட்டில் பூட்டிவைக்கலாம், வேறு எங்காவது கொண்டுபோகலாம். அவன் அம்மா மட்டும், "வேண்டாம் சாமி, எங்கயாவது போய்ப் பொழச்சிக்கிடட்டும்" என்று அழுதாள். அந்த அம்மாளின் பயத்தைக் கோழைத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கடைசியில் முடிவானது இது. நாளையிலிருந்து கல்யாணம் வரை சுகிர்தா குருமனையில் எங்களோடு இருப்பாள். காவல் நிலையத்தில் மூன்று பேரும் போய் எழுதிக் கொடுப்போம். மாசிலாமணி சாரிடம் நானே நேரில் போய்ச் சொல்லுவேன். ஞாயிறு வாசிப்பேன். பிப்ரவரி 1, 8, 15. திங்கள்கிழமை 16-ல் கல்யாணம். ஒரு ஞாயிறுகூடத் தவற முடியாது. தவறியது போதும்.

ஜனவரி 31, சனி

சாரிடம் சொன்னேன். "அப்ப நீங்க ஒங்க வழி, நான் என் வழி" என்றார். அறிக்கை நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார். இனி அவர் எழுத மாட்டாராம். காபி கொடுக்கவில்லை. மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை.

சுகிர்தா ஒரு சூட்கேஸோடும், விடைத்தாள் கட்டோடும் வந்து சேர்ந்தாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

வாசித்தேன்.

நோட்டில் என் கோழிக்கிறுக்கல். மேலத்தெரு மாசிலாமணி அவர்களின் குமாரத்தி சுகிர்தாவுக்கும், கிழக்குத் தெரு காலஞ்சென்ற ஆபேல் அவர்களின் குமாரன் தீத்துவுக்கும் என்று தொடங்கும்போது மைக் நின்றுவிட்டது. மேலத்தெருக்காரர் ஒருவர் சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் மைக்கை விட்டு நடைபாதைக்கு இறங்கி, நடுவில் நின்று, முதலிலிருந்து வாசித்தேன். "இந்தத் திருமணத்துக்குத் தடை யாருக்காவது தெரிந்தால் காரணத்தோடு சபைக்குத் தெரிவிக்க வேண்டும். இது முதலாம் ஓலை."

முன் பெஞ்சுகளில் இருந்த பதினேழு பேர் எழுந்து வெளியே போனார்கள். சார் போகவில்லை. உட்கார்ந்தபடியே தன் பாட்டுப் புத்தகத்தின் முனையை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

குருமனைத் தண்ணீர்க் குழாயை யாரோ உடைத்துவிட்டார்கள். பால்காரி வரவில்லை. மத்தியானம் ஜன்னலில் ஒரு கல். கண்ணாடி என் மேசை மேல் சிதறியது. புஷ்பம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள், சுகிர்தா அழுதாள், எனக்கோ, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நிம்மதியாக இருந்தது. இந்த முறை கல் சரியான வீட்டுக்கு வந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். குழாயைத் தீத்து வந்து சரிசெய்தான். கல்யாண மாப்பிள்ளை பிளம்பர் வேலை பார்க்கிறானே என்று கேலி செய்தேன். மோட்டாருக்கும் ஒரு சர்வீஸ் பாக்கி இருக்குய்யா என்றான்.

கோயில்பிள்ளை யோவேல் தன் வீட்டு மாட்டுப்பாலை ஒரு செம்பில் கொண்டுவந்து, யார்ட்டயும் சொல்லாதீங்க என்று வைத்துவிட்டுப் போனான். கோயிலைக் கூட்டி மணியடிக்கிறவன், மேலத்தெருக்காரன். எல்லோருக்கும் அவரவர் அளவுக்குத் தைரியம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இரண்டாம் ஓலை. மைக் வேலை செய்தது. இருபத்துமூன்று பேர் வெளியே போனார்கள். சார் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 13, வெள்ளி

மாசிலாமணி சார் வாசல் கேட் வரை வந்தார், உள்ளே வரவில்லை. வேட்டி சட்டை மடிப்புக் கலையவில்லை, முகம் மட்டும் மெலிந்திருந்தது.

"ஞாயித்துக்கெழம நான் எந்திரிச்சி தடை சொல்லப்போறேன் ஐயரே. ஒங்களுக்கு மொதல்லயே சொல்லிரணும்லா."

"சொல்ல ஒங்களுக்கு உரிமை இருக்கு சார்."

"தடை சொன்னா விசாரிச்சித்தான் ஆகணும். விசாரிக்கதுக்குள்ள லெந்து வந்துரும்."

நாற்பது வருடம் சபை நிர்வாகம் பார்த்தவர். விதி அவருக்குத் தெரியாதா? உள்ளே சுகிர்தாவின் குரல் கேட்டது, புஷ்பத்தோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் காது அந்தப் பக்கம் போனது. "நேரத்துக்குச் சாப்பிடுதாளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிருந்தால் இதெல்லாம் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

கோயில் நிறைந்திருந்தது. வெளியே போனவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், தடையைக் கேட்க. மூன்றாம் ஓலையை வாசித்தேன். தடை தெரிந்தால் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும் என்றேன். சார் எழுந்தார்.

"தடை இருக்கு ஐயரே."

எல்லாத் தலையும் திரும்பியது. ஆர்கன் ஸ்டூலில் சுகிர்தா அசையவில்லை. நான் அறிக்கை நோட்டை விரித்தேன், பேனாவைத் திறந்தேன்.

"என்ன தடைன்னு சபைக்குச் சொல்லுங்க சார். நீங்க சொல்லுத வார்த்தைய அப்படியே எழுதிக்கிடணும்."

அவர் வாயைத் திறந்தார். வயதுத் தடை இல்லை, அவளுக்கு இருபத்தாறு. வேறு கல்யாணம் இல்லை. ஞானஸ்நானம் இரண்டு பேருக்கும் இந்தக் கோயிலில், ஒரே தொட்டியில். மிச்சம் இருந்தது ஒரே ஒரு காரணம். அது எல்லோருக்கும் தெரியும். எண்பது வருடமாகத் தெரியும். ஆனால் அதை இந்தக் கோயிலுக்குள் வாயால் யாரும் சொன்னதில்லை. சொன்னால் நான் எழுத வேண்டும், எழுதினால் அது பீரோவில் எந்நாளும் இருக்கும்.

அவர் கிழக்குத் தெரு பெஞ்சுகளைப் பார்த்தார். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். சார் எழுந்து நிற்கிறார் என்று நாலைந்து பேர் பழக்கத்தில் தாங்களும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். தீத்துவும் நின்றான்.

என் நாக்கு நுனிக்கு ஒரு வாக்கியம் வந்தது: 'இருக்கட்டும் சார், இதைப் பிறகு பேசிக்கலாம்.' மூன்று வருடமாக இந்தச் சபையில் எத்தனையோ சண்டையை நான் இந்த ஒரே வாக்கியத்தால் அணைத்திருக்கிறேன். அவருக்கும் அது உதவியாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐந்து நாள் உட்கார்ந்திருந்தவருக்கு நான் செய்யக்கூடிய உதவி. சொல்லவில்லை. பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.

"சொல்லுங்க சார்" என்றேன் இன்னொரு தடவை.

"ஒண்ணும் இல்ல" என்றார். உட்கார்ந்தார். கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. 'தடை யாதொன்றும் இல்லை' என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னேன். சுகிர்தா இரண்டு தடவை தப்பான கட்டையை அழுத்திவிட்டு, மூன்றாவது தடவை சரியாகத் தொடங்கினாள்.

பிப்ரவரி 16, திங்கள்

கல்யாணம் முடிந்தது. மேலத்தெருவில் இருந்து வந்தவர்கள் ஒன்பது பேர். சுகிர்தாவின் அம்மா கடைசி பெஞ்சில். யோவேல் மணியை வழக்கத்தைவிட அதிக நேரம் அடித்தான், இந்த முறை யாருக்கும் பயந்து ஒளிக்கவில்லை.

ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. கல்யாணப் பெண்ணே ஆர்கன்காரி என்றால், பெண் உள்ளே வரும்போது யார் வாசிப்பது? அவளுக்குக் கற்றுக்கொடுத்த அவள் அப்பாவைத் தவிர இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. வாசலில் பூச்செண்டோடு நின்றவள் இரண்டு நிமிடம் காத்திருந்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே நடந்து வந்தாள். பூச்செண்டை ஆர்கன் மேல் வைத்தாள். முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, தன் கல்யாணப் பவனிப் பாட்டைத் தானே மூன்று சரணமும் வாசித்து முடித்து, எழுந்து வந்து தீத்துவுக்குப் பக்கத்தில் நின்றாள். கோயிலே சிரித்துவிட்டது. தீத்துவின் அம்மாகூட.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஒரு பழைய ஸ்கூட்டர் நின்றது. அதில் உட்கார்ந்திருந்தவர் பாட்டு முடியும் வரை இருந்துவிட்டுப் போனார்.

கல்யாணப் பதிவேட்டில் ஓலை வாசித்த நாட்கள் என்று ஒரு கட்டம் உண்டு. பிப்ரவரி 1, 8, 15 என்று எழுதினேன். ஜனவரி 25 அதில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் இந்த நாட்குறிப்பைப் பின்னால் திருப்பி ஜனவரி 25-க்குப் போனேன். 'மறந்துவிட்டேன்' என்று இருந்ததை அடித்துவிட்டு, மேலே 'பயந்துவிட்டேன்' என்று எழுதினேன்.

தேவஇரக்கத்தின் விலாசம் புஷ்பத்திடம் இருக்கிறதாம். பதினோரு வருடமாகக் கிறிஸ்மஸுக்கு அவள் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். நாளை காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். சாம்பல் புதனுக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும்.